பூதக்கண்ணாடியும் பன்னிரண்டு துரை மரங்களும்

பாபநாசத்தில் அருவியாக விழுந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும் வரைக்கும், தாமிரபரணியின் இரண்டு கரைகளிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் பூதக்கண்ணாடி அண்ணாச்சியைப் போல இன்னொரு மனிதர் அகப்படமாட்டார். இதை நான் அடித்துச் சொல்வேன். மறுக்கிறவர்கள் எனக்குக் கடிதம் எழுதலாம். பதில் போடமாட்டேன்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்பாசமுத்திரத்தில் காட்டிலாகாக் கச்சேரி ஒன்றில் (ஆபீசை அப்போது கச்சேரி என்போம்) நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது ரயில் வந்து சில வருஷந்தான் ஆகியிருந்தது. வேலைவெட்டி இல்லாதவர்கள் ரயிலைப் பார்ப்பதற்கென்றே குளித்து விபூதி பூசி ஸ்டேஷனுக்குப் போன காலம். அண்ணாச்சி அங்கே மரக்கிடங்கு ரைட்டர். மலையிலிருந்து இறங்கும் மரத்துக்கு நம்பர் போட்டு, நீளமும் சுற்றளவும் எழுதி வைக்கவேண்டியது அவர் உத்தியோகம். மேல்துண்டின் முனையில் ஒரு பூதக்கண்ணாடியை முடிந்து வைத்திருப்பார். அது முடிச்சில் இருந்ததைவிடக் கண்ணில் இருந்த நேரம் அதிகம்.

நான் சேர்ந்த முதல் நாள் கும்பிட்டுக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"புதுசா வந்த ஆளு நீர்தானா வே? அந்த முக்காலியில உக்காரும்" என்றார். உட்கார்ந்தேன். "எந்திரியும்" என்றார். எழுந்தேன். முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலின் வெட்டு முனையில் கண்ணாடியை வைத்து, காது குத்தும் ஆசாரி மாதிரி குனிந்துவிட்டார். கால் மணி நேரம் நான் நின்றேன்.

"தேக்கு. சின்ன வயசுல நல்லா தின்னு வளந்திருக்கு. பெறவு வேருக்கு ஏதோ கஷ்டம். பாவம். சரி, உக்காரும்."

என் பெயரை அவர் விசாரிக்க ஒரு வாரம் ஆயிற்று. முக்காலியைத்தான் தினமும் விசாரித்தார்.

அவருடைய சித்தாந்தம் ரொம்பச் சின்னது. அதைக் கச்சேரியில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். "வயித்துக்குக் கோளாறுன்னா மனுசனுக்கு மூஞ்சி வாடுதுல்லா? மரத்துக்கு வயிறு வேருல இருக்கு. வேரு சீக்குப் பட்டா எல பச்சையாத்தான் இருக்கும், ஊரு ஏமாந்து போவும். உள்ள வளையத்தப் பாரும். அங்கன ஒளிக்க முடியாது. நல்லா சாப்பிட்ட வருசம் அகல வளையம். பட்டினி கெடந்த வருசம் ஒடுங்குன வளையம்." இதைச் சொல்லி முடித்ததும், நாம் ஏதோ மறுத்துவிட்டது போல மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

சித்தாந்தம் சித்தாந்தமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை அவர் வெளியூருக்கும் கொண்டுபோனார். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தலைமைக் குமாஸ்தா வீட்டுக் கல்யாணம். மணப்பெண்ணை மணையில் உட்காரவைத்து மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகிவிட்டார். அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணவறைக்கு வந்தார். ஆசீர்வாதம் பண்ண வருகிறார் என்று எல்லாரும் வழி விட்டார்கள். மனிதர் குனிந்து மணைப் பலகையின் ஓரத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "கடைசி எட்டு வருசமும் வேருல சீக்கு. பட்டுப் போறதுக்கு நாலு நா முந்தி வெட்டியிருக்கான்."

அவ்வளவுதான். பெண்ணின் அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, பட்ட மரத்துலயா எம் புள்ளைய உக்கார வச்சிய! வெளங்குமா இது!" மேளம் நின்றது. ஆசாரியைத் தேடி ஆள் ஓடிற்று. முகூர்த்தம் நழுவுகிறது என்று புரோகிதர் கூவினார். கடைசியில் ஒரு பத்தமடைப் பாயை விரித்து அதில் உட்காரவைத்துத் தாலி கட்டினார்கள். இத்தனைக்கும் காரணமான ஆசாமி ஓரமாக நின்று வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். பாயில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிய அந்தப் பெண் ஒன்பது பிள்ளை பெற்று அமோகமாக இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசகர்கள் கவலைப்படுவார்கள்.

இன்னொரு தடவை பாளையங்கோட்டைக் கோர்ட்டில் மரத் திருட்டுக் கேஸ் ஒன்றுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். "திருட்டுப் போன மரம் தேக்குத்தானா?" என்று வக்கீல் கேட்டார். "அது தேக்குத்தான், சந்தேகமில்ல. ஆனா ஐயா சாஞ்சிருக்கிய பாருங்க, அந்த நாற்காலி தேக்கு இல்ல. வேம்புக்குச் சாயம் பூசி உங்க தலையில கட்டிட்டான்" என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். கேஸ் ஜெயித்தது. அதற்குப் பிறகு அந்தக் கோர்ட்டிலிருந்து அவருக்குச் சம்மன் வந்ததில்லை.

பிறகு அவருக்கு மைக்ராஸ்கோப்பு கிடைத்தது. மேலதிகாரியின் பீரோவில் பித்தளையில் ஒன்று பச்சை பூத்துக் கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிட்டார். அதில் பார்க்க மரத்தை வெங்காயத் தோல் போலச் சீவவேண்டும். அதற்குக் கடைத்தெரு நாவிதரின் சவரக் கத்தியைக் கடன் வாங்குவார். சீவியது கண்ணுக்குத் தெரிய நிறம் ஏற்றவேண்டும். அதற்குக் கச்சேரிச் சிவப்பு மை. காலையில் மரம் சீவிய கத்தி மத்தியானம் எங்கள் கன்னத்துக்கு வரும். அந்த நாட்களில் அம்பாசமுத்திரத்து உத்தியோகஸ்தர்கள் பூராப் பேரும் முகத்தில் வெட்டுக்காயத்தோடு பிசின் வாசனை அடித்துக்கொண்டு திரிந்தோம். நான் ஒருநாள் பொறுக்கமுடியாமல் சத்தம் போட்டேன். "ஒம்ம தாடி ஒரு வாரத்துல மொளச்சிரும் வே. இந்த மரம் திரும்ப மொளைக்குமா?" என்று என்னையே கேட்டார்.

இப்போது துரை மரங்களுக்கு வருகிறேன்.

எங்கள் மேலதிகாரி வெள்ளைக்காரத் துரை. பாபநாசத்துக்கு மேலே, மலையில் அரை நாள் நடை தூரத்தில் இலாகாவுக்கு ஒரு பங்களா உண்டு. ஊர் ஞாபகம் தாங்காமல் துரை தன் தகப்பனார் தோட்டத்துப் பைன் மரத்திலிருந்து விதை வரவழைத்து, அந்தப் பங்களா முன்னால் பன்னிரண்டு கன்றுகள் வரிசையாக நட்டிருந்தார். ஊசி ஊசியாக இலை, காற்றடித்தால் கடல் இரைகிற மாதிரி சத்தம். மலையேறிப் பார்த்த எல்லாரும் "சவுக்குத்தான், கொஞ்சம் தடிச்ச சவுக்கு" என்று சொல்லிவிட்டு வருவார்கள். இதைக் கேட்டால் துரைக்கு வருத்தமாக இருக்கும். அண்ணாச்சிக்கோ கொலை வெறியே வரும். "சவுக்கு எந்தச் சாதி, இது எந்தச் சாதி! பூவே பூக்காத குலம் வே இது!" என்பார். சனங்கள் வம்பு எதற்கென்று துரை மரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பங்களாவுக்குக் காவல்காரராக மைதீன் வந்தார். மேலப்பாளையத்து நெசவுக்காரர். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், இருந்த ஒரே தறியையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டு மலைக்காற்றை நம்பி வந்தவர். நாற்பது வயதிருக்கும். ஈ எறும்புக்குக்கூட வழி விட்டு நடக்கிற ஆள். அவர் வந்து ஒரு வருஷத்தில் முதல் துரை மரம் பட்டது. அடுத்து இரண்டு. மூன்றாவது வருஷம் மைதீனின் சமையல் குடிசைக்குப் பக்கத்திலேயே நின்ற நான்காவது மரமும் காவி நிறமாகிச் சருகு கொட்டி நின்றது.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. காவல்காரன் வந்தான், மரம் செத்தது. அவன் அடுப்படிக்குப் பக்கத்து மரமும் செத்தது. அவன்தான் கொன்றான் என்று முடிவு கட்டிவிட்டார். விசாரணை பங்களாவில் நடக்கும், வாக்குமூலம் எழுதக் குமாஸ்தா வரவேண்டும், குற்றம் ருசுவானால் வேலையும் போகும், போலீசுக்கும் ஒப்படைப்பு என்று உத்தரவு வந்தது. குமாஸ்தா என்றால் நான். உத்தரவில் பெயரே இல்லாத அண்ணாச்சி, ரம்பம், சவரக் கத்தி, மைக்ராஸ்கோப்பு, என் சிவப்பு மைப் புட்டி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு விசாரணைக்கு முந்தின நாள் விடியும்போதே என் கூடப் புறப்பட்டுவிட்டார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மைதீன் அடுப்பங்கரை வாசலில் குத்தவைத்திருந்தார். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று முகமே சொல்லிற்று.

"மைதீன், நம்மளுக்குள்ள சொல்லும். என்ன செஞ்சீரு?" என்று கேட்டேன்.

"நாந்தான் கொன்னேன்."

நானும் அவர் பக்கத்தில் குத்தவைத்தேன். "என்னத்தச் சொல்லுதீரு?"

"கஞ்சி ஊத்துனேன். தெனம் சோறு வடிக்கிற கஞ்சிய அந்த மரங்களுக்குத்தான் ஊத்துனேன். எங்க வீட்டு முருங்கைக்கு ஊத்துவோம், கொத்துக் கொத்தாக் காய்க்கும். இதும் பாவம், தூர தேசத்துலேருந்து வந்த புள்ளைய, வாய்க்கு ருசியா ஒண்ணுமில்லாம நிக்குதேன்னு ஊத்துனேன். அல்லா, அது ஒத்துக்கிடாம போச்சே!" தலையில் கை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவருக்கு வேலை போகிற கவலைகூடப் பிறகுதான். தன் கையால் நாலு உயிரைக் கொன்றுவிட்டோம் என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செத்த மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சுடச்சுடவா ஊத்துனீரு, ஆற வச்சா?"

"ஆற வச்சுத்தான் அண்ணாச்சி."

"உப்புப் போட்டா?"

"போடாமத்தான்."

"பெறவு என்னத்துக்கு வே அழுதீரு? மம்பட்டி இருக்கா?"

அன்று பொழுது சாயும்வரை மனிதர் நிமிரவே இல்லை. செத்த மரங்களை அப்புறப்படுத்தத் துரைக்கு மனம் வரவில்லை என்பதால் நாலும் நின்ற இடத்திலேயே நின்றன. நாங்கள் இருவரும் பிடித்துக்கொள்ள நாலையும் சாய்த்து, ஒவ்வொன்றின் அடிமரத்திலும் அப்பளம் போல ஒரு வட்டம் அறுத்தார். அடியில் தோண்டி வேரை முகர்ந்தார். கொஞ்சம் வாயில் போட்டுக்கூடப் பார்த்தார். அட்டை பத்து அவர் காலில் தொங்கிற்று, அதைப் பிடுங்க அவருக்கு நேரமில்லை. நான்தான் சுண்ணாம்பு தடவிப் பிடுங்கினேன்.

மறுநாள் காலை விசாரணை ஆரம்பமாயிற்று. துரை எங்கள் பாஷையை ஒரு முன்ஷியிடம் படித்துப் பரீட்சை கொடுத்துத் தேறியவர். பேசினால் கல்வெட்டைப் படிக்கிற மாதிரி இருக்கும்.

"மைதீனே, நீ என் மரங்களைக் கொன்றனையோ?"

"கொன்னேன் தொரை."

"எவ்விதம் கொன்றனை?"

"கஞ்சி ஊத்தி."

துரை என் பக்கம் திரும்பினார். "கஞ்சி என்பது நஞ்சோ?"

"இல்லை துரை, நாங்கள் தினமும் குடிக்கிறோம்" என்றேன்.

"மானிடர்க்கு உணவாவது மரத்துக்கு நஞ்சாகலாம் அன்றோ?" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, எழுது என்று சைகை காட்டினார். பேனாவை மையில் தோய்த்தேன்.

அப்போது அண்ணாச்சி மேஜைமேல் ஒரு வட்டத்தை வைத்தார். அடுப்படி ஓரத்து நான்காவது மரத்தின் வட்டம். பூதக்கண்ணாடியை முடிச்சோடு அவிழ்த்துத் துரை கையில் கொடுத்தார். அதை அவர் இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான். "பட்டைக்கு உள்ளாற இருக்க வளையத்தப் பாருங்க தொரை" என்றார்.

துரை பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். மனிதர் நியாயமானவர், அதை நான் மறுக்கமாட்டேன். "உள்ளே உள்ளவை அகன்று இருக்கின்றன. ஈற்றில் உள்ள ஆறு வளையங்கள் மட்டும் மிக ஒடுங்கியுள்ளன. ஆகவே ஆறு ஆண்டுகளாக இம்மரம் நோயுற்றிருக்கிறது. மைதீன் வந்து மூன்று ஆண்டுகளே ஆயின. எனவே மைதீன் குற்றமற்றவன்!"

அப்பாடா! எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போல இருந்தது. மைதீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "குற்றமற்றவன்" என்று எழுதக் காகிதத்தில் பேனாவை வைத்தேன்.

"தப்பு தொரை" என்றார் பூதக்கண்ணாடி அண்ணாச்சி.

"எது தப்பு?"

"உங்க எண்ணிக்க. உங்க ஊருல வருசத்துக்கு ஒரு பனி. மரம் ஒரு தடவ தூங்கும், ஒரு வளையம் போடும். இங்கன அப்படி இல்ல. ஆனியில சாரல் எடுக்கும், ஐப்பசியில அடைமழை. எடையில ரெண்டு வெயிலு. மரம் ரெண்டு தடவ வளந்து ரெண்டு தடவ தூங்குது. ஒரு வருசத்துக்கு ரெண்டு வளையம். நம்பாட்டி நடுவுலேருந்து எண்ணுங்க. நட்டு எத்தன வருசம்?"

"ஒன்பது."

"எண்ணுங்க."

துரை எண்ணினார். பதினெட்டு. அவர் முகம் மாறிற்று. "அங்ஙனமாயின் ஆறு வளையம் என்பது மூன்று ஆண்டு. அதாவது…" என்று மெல்ல மைதீன் பக்கம் திரும்பினார். மைதீன் வந்ததும் மூன்று ஆண்டு. கணக்கு கச்சிதமாக அந்த மனிதனின் கழுத்தில் போய் உட்கார்ந்தது.

எனக்கு வந்த கோபத்தில் மைப் புட்டியைத் தூக்கி அண்ணாச்சி மண்டையில் போட்டிருப்பேன். விடுதலை ஆனவனை இழுத்து வந்து மாட்டிவிடுகிறாரே, இந்த மனிதருக்குப் பைத்தியம் முற்றிவிட்டதா? மேஜைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"ஏம்வே கால மிதிக்கீரு?" என்று உரக்கக் கேட்டார். துரை என்னை முறைத்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

அண்ணாச்சி சாக்குக்குள் கை விட்டு இன்னொரு வட்டத்தை எடுத்தார். "இது அந்தக் கோடியில, பெரிய அடிக்கட்டைக்குப் பக்கத்துல நின்ன மரம். மொத மொத பட்டது இதுதான். பட்டு எத்தன வருசமாச்சு?"

"இரண்டு ஆண்டு" என்றார் துரை.

"எண்ணுங்க."

பதினான்கு வளையம் இருந்தது. அதிலும் பட்டையோரம் ஆறு வளையம் ஒடுங்கிக் கிடந்தது.

"ஆறு வளையம் மூணு வருசம். செத்து ரெண்டு வருசம். ஆகமொத்தம் அஞ்சு வருசத்துக்கு முந்தி இதுக்கு சீக்கு பிடிச்சிருக்கு. மைதீன், அஞ்சு வருசத்துக்கு முந்தி நீரு எங்கன இருந்தீரு?"

"மேலப்பாளையத்துல, தறியில அண்ணாச்சி."

"அங்கனேருந்து கஞ்சி ஊத்துனீரா?"

"அதெப்படி அண்ணாச்சி ஊத்த முடியும்?" என்று மைதீன் மெய்யாகவே யோசித்துப் பதில் சொன்னார்.

துரை சிரிக்கவில்லை. "நோய் என்றே எங்ஙனம் சொல்கின்றீர்? வேறெவரேனும் நஞ்சு ஊற்றியிருக்கலாமே?"

இந்தக் கேள்விக்காகத்தான் மனிதர் பிறவி எடுத்துக் காத்திருந்தார் போலிருக்கிறது. மைக்ராஸ்கோப்பை வெளிச்சத்துக்குத் திருப்பி, சிவப்பு மையில் முக்கிய ஒரு சீவலை அடியில் வைத்தார். "வெசம் ஊத்துனா மரம் சட்டுனு சாகும் தொரை. கடைசி வளையம் வரைக்கும் கொழுகொழுன்னு இருக்கும். இது அப்படியா இருக்கு? குழாய் குழாயாத் தெரியுதா? அதுலதான் தண்ணி ஏறுது. நல்லா இருந்த காலத்துல குழாய்க்கு வாய் அகலம். பெறவு வாய் சின்னதாகிச் சின்னதாகி ஊசிமொன ஆயிட்டுது. நடுவுல பெருசு பெருசா ஓட்டை வரிசையா நிக்குது, பாத்தியளா? அம்புட்டும் பிசின் ஓட்டை. நல்ல காலத்துல அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்கும். கீழேருந்து சீக்கு ஏறி வருதுன்னு தெரிஞ்சு, பிசின வச்சு அடைச்சுப் பாத்திருக்கு பாவம். மூணு வருசம் மல்லுக்கட்டித்தான் செத்துருக்கு."

துரை கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். நானும் பிறகு பார்த்தேன். சிவப்புத் தேன்கூடு மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பெரிய கண், ஒரு பக்கம் சின்னக் கண், நடுவில் வரிசையாக ஓட்டைகள். அத்தனை நாள் அவரைக் கேலி செய்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அப்படியாயின் கொன்றவர் யார்?" என்றார் துரை.

"வாங்க காட்டுதேன்."

கோடியில் அந்தப் பெரிய அடிக்கட்டை இருந்தது. பங்களா முற்றத்துக்காக வெட்டின பழைய மலைமரம், நாலு பேர் உட்காரலாம். அதன் பக்கத்தில் முந்தின நாள் தோண்டின பள்ளத்தைக் காட்டினார். கட்டையின் வேரில் பட்டையை விரலால் உரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று பூஞ்சணம், ஆடை கட்டின பால் போல. அதிலிருந்து நூல் நூலாகக் கிளம்பி முதல் துரை மரத்தின் வேருக்குப் போயிருந்தது. அந்த வேர் தொட்ட அடுத்த மரத்தின் வேரிலும் அதே வெள்ளை.

"இந்த மரத்த வெட்டச் சொன்னது யாரு தொரை?"

"நான்."

"மழைக்கு முந்தி கன்னு நடணும்னு, கட்டையத் தோண்டாம விடச் சொன்னது?"

துரை குனிந்து அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நீங்கதான்" என்றார் அண்ணாச்சி, நாற்காலி வேம்பு என்று நீதிபதிக்குச் சொன்ன அதே குரலில்.

துரை ஒருவர் முகத்துக்கு நேரே கொலைகாரன் என்று சொல்லிவிட்டு முழுசாக மலை இறங்கினவன் எவன்? துரை சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் பைய நடந்துபோய் அந்த அடிக்கட்டைமேலேயே உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என் தந்தையார் மரத்தின் விதை" என்று மட்டும் சொன்னார். அதை அவர் கல்வெட்டு மாதிரி சொல்லவில்லை.

மைதீன் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். கையில் ஒரு கும்பாவோடு வந்து துரை முன்னால் நின்றார்.

"கொஞ்சம் கஞ்சி குடிங்க தொரை. உப்பு போட்டிருக்கேன். தெரியாம செஞ்சதுக்கு என்ன செய்ய முடியும்? நானும் மூணு நாளா இப்படித்தான் கெடந்தேன்."

துரை கும்பாவையும் மைதீனையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கிக் குடித்தார். ஒரு சொட்டு வைக்கவில்லை. பிறகு என் கையிலிருந்த வாக்குமூலத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். அண்ணாச்சி சொன்னபடி செத்த நாலையும் கட்டையையும் வேரோடு எடுக்கவும், மிச்சம் எட்டு மரத்துக்கும் நடுவில் ஆள் இடுப்பளவு பள்ளம் வெட்டி வேரோடு வேர் தொடாமல் பிரிக்கவும் அங்கேயே உத்தரவு போட்டார். மைதீன் வேலையில் நிலைத்தார்.

மலை இறங்கும்போது நான் அண்ணாச்சியை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். "அவர் ஆறு வருஷம்னு எண்ணினதும் விட்டிருக்கலாமே! அப்பவே மைதீன் தப்பிச்சாச்சே! ஒரு நிமிஷம் என் உயிரே போயிட்டுது!"

அவர் நின்றார். கண்ணாடி முடிச்சில் இருந்தது. என் முகத்தை நேராகப் பார்த்தார். சேர்ந்த நாளிலிருந்து அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வேல தப்பிக்கும் வே. தொரை தப்பா எண்ணித் தன்ன விட்டுட்டாருன்னு அந்த மனுசன் நெனச்சுக்கிடுவான். தன் கஞ்சியாலதான் நாலு மரமும் போச்சுன்னு சாவுறமட்டும் அழுதுகிட்டுக் கெடப்பான். மூஞ்சியப் பாக்கலியா நீரு? உள்ள ஒடுங்கிப் போயில்லா இருந்தான்!"

சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்து ஒரு மரத்தில் கண்ணாடியை வைத்துவிட்டார். பாபநாசம் வந்து சேர இருட்டுகிற வேளை ஆகிவிட்டது.

மைதீன் கஞ்சி ஊற்றுவதை நிறுத்தவில்லை. எட்டு மரத்துக்கும் முறை வைத்து ஊற்றினார். "அதனால மரத்துக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா?" என்று அண்ணாச்சியைக் கேட்டேன். "கஞ்சியால சாகவும் செய்யாது, பொழைக்கவும் செய்யாது. ஊத்தட்டும் வே. அவனுக்கு நல்லது" என்றார்.

அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தார். ஒரு ஐப்பசியில் கிடங்குக்கு மரம் பார்க்க மலைக்குப் போனவர் காய்ச்சலோடு இறங்கி வந்தார். ஐந்தாம் நாள் போய்விட்டார். கட்டிலில் கிடந்தபோது பார்க்கப் போனேன். "இந்தக் கட்டிலு காலப் பாத்தீரா வே? பூவரசு" என்று சொன்னதுதான் என்னிடம் அவர் பேசின கடைசிப் பேச்சு. அவர் வீட்டார் அந்தக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு கச்சேரிக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

இன்னும் நாலு வருஷம் கழித்து, ஒரு புயல் காற்றில் எட்டில் ஒரு துரை மரம் சாய்ந்துவிட்டது. மைதீன் அதில் ஒரு வட்டம் அறுத்து, துணியில் சுற்றி, மலையிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் சுமந்து வந்தார். இருவரும் கச்சேரி வாசல் வெயிலில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் பார்த்தோம். பள்ளம் வெட்டின வருஷத்திலிருந்து வளையங்கள் அகலமாக, கொழுகொழுவென்று இருந்தன. சீக்கின் அடையாளமே இல்லை. பட்டையிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டே போனோம், வருஷத்துக்கு இரண்டு இரண்டாக, அவர் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி. நாலு வருஷம் உள்ளே போனதும் ஒரே ஒரு வளையம் நூல் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

மைதீன் விரலை அதில் வைத்தார். "இது அண்ணாச்சி போன ஐப்பசில்லா?"

ஆமாம், அதுதான். அந்த ஐப்பசியில் மழையும் சரியாகப் பெய்யவில்லை. அது எனக்கும் தெரியும், மைதீனுக்கும் தெரியும். அண்ணாச்சி பக்கத்தில் இருந்திருந்தால் "தப்பு வே, மழை கொறைஞ்சதால ஒடுங்கியிருக்கு" என்று எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார்.

"மரத்துக்கும் தெரிஞ்சிருக்கு, பாத்தியளா" என்றார் மைதீன்.

நான் திருத்தவில்லை.